சபையை முந்திய கல்லூரி



அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன்பர்க் நகரில் கிழக்கு மென்னோனைட் பல்கலைக்கழகம் என்னும் சிறிய கல்விக்கூடம் உள்ளது. 1917இல் தோன்றி, 1994இல் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. இதை நிறுவிய மென்னோனைட் சபையாரின் முன்னோர், வயது வந்தோர்க்கே திருமுழுக்கு என்றமையால் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள்.

அத்தகையோர் வழிவந்த வர்ஜீனியா மென்னோனைட் மாநாடு 1940இல் என்ன செய்தது? திருவிருந்து, பாதம் கழுவுதல், சகோதர முத்தம் ஆகியவற்றில் கறுப்பினத்தாரைப் பிரித்துவைக்கத் தீர்மானித்தது. தேநீர்க் கடையில் தனிக்குவளை கண்ட நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. தாம் துன்புற்ற நினைவு மட்டும் ஒருவரை நீதிமான் ஆக்கிவிடுவதில்லை போலும்!

ஆயினும் கல்லூரி 1948இல் கறுப்பின மாணவர்க்குக் கதவைத் திறந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 1954இல்தான். மாநாடு தன் தீர்மானத்தைக் கைவிட்டது அதற்கும் ஓராண்டு கழித்து. வேதம் ஓதிய சபையை அது வளர்த்த கல்லூரியே முந்திக்கொண்டது.

செவிலியமும் ஆசிரியப் பயிற்சியும் அங்குண்டு. எனினும் அதற்கு உலகப் புகழ் தந்தது பூசல் தீர்த்து அமைதி காணும் கல்வியே. பட்டம் முடித்தபின் பொதுப்பணி என்போர் நம் இளைஞரிலும் உளர். அவர்கட்கு ஒரு செய்தி: லைபீரியாவின் லேமா குபோவீ, கிறித்தவப் பெண்களையும் இசுலாமியப் பெண்களையும் வெள்ளாடையில் ஒன்றுதிரட்டிப் போரை நிறுத்தக் கோரியது 2003இல். அங்கே முதுகலைப் பட்டம் பெற்றது 2007இல். நோபல் அமைதிப் பரிசு 2011இல்.