கண்கட்டிதானேன்னு விட்டுடலாமா?

(முத்தியால்பேட்டையில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுற வேலை. இன்னைக்கு இந்தத் தலைப்பை எடுத்ததுக்கு எங்க பெரியம்மாதான் காரணம்.

போன வருஷம் அவங்களுக்கு மேல் இமையில ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. நாமக்கட்டியை உரைச்சுப் போட்டாங்க. மருந்துக்கடையில கேட்டு சொட்டு மருந்து வாங்கி விட்டாங்க. அமுங்கின மாதிரி இருந்தது; திரும்ப வந்தது. மூணாவது தடவைதான் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "முன்னாடி வந்த அதே இடமா?" ஏன் அப்படிக் கேட்டார்னு கடைசியில சொல்றேன்.

இமையில வழக்கமா வர்ற கட்டி ரெண்டு வகை. ஒண்ணு, நாம கண்கட்டின்னு சொல்றது. இமை ஓரத்துச் சுரப்பியில பாக்டீரியா தொற்றி, சிவந்து, வலிக்கும். பிரெஞ்சில் இதுக்கு 'ஓர்ஜெலே'ன்னு பேர். 'ஓர்ஜ்' என்றால் பார்லி. பார்க்கவும் அந்த அளவுதான் இருக்கும். இன்னொண்ணு கலேசியன். எண்ணெய்ச் சுரப்பி அடைச்சுக்கிட்டு மெதுவா வளரும். கெட்டியா இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. பார்க்கக் கூடாததைப் பார்த்ததால கட்டி வந்ததுன்னு சொல்றதெல்லாம் சும்மா பேச்சு.

ரெண்டுக்கும் வீட்டு வைத்தியம் ஒண்ணுதான்: வெந்நீர் ஒத்தடம். சுத்தமான துணியைப் பொறுக்கிற சூட்டு நீரில் நனைச்சுப் பிழிஞ்சு, மூடின கண் மேல 10 நிமிஷம் வைங்க. ஒரு நாளைக்கு 3, 4 தடவை. குழந்தைக்குன்னா உங்க மணிக்கட்டில் சூடு பார்த்துட்டு வைங்க. கண்கட்டி பொதுவா ஒண்ணு ரெண்டு வாரத்துல வடிஞ்சிடும். கலேசியனுக்குச் சில வாரங்கள் ஆகலாம்.

செய்யக் கூடாதது: பிதுக்காதீங்க. கண்ணுக்குள்ள தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடாதீங்க. ஆறும்வரை மை, கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாம சொட்டு மருந்து வாங்காதீங்க. சிலதுல ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து விட்டா கண் அழுத்தம் கூடி பார்வையே பாதிக்கலாம்.

இமை முழுக்க வீங்கி கன்னத்துக்குப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைச்சா வலிச்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரெண்டு மூணு நாள் ஒத்தடம் கொடுத்தும் வலி குறையலைன்னாலும் டாக்டரைப் பாருங்க. அடிக்கடி கட்டி வந்தா சர்க்கரையையும் பரிசோதிச்சுக்கோங்க.

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில ஒரு வகைப் புற்றுநோய் வரும். அரிதுதான். ஆனா இமைப் புற்றுநோய்களில் இதன் பங்கு மேலை நாடுகளை விட இந்தியாவில் அதிகம். பார்க்க அசல் கலேசியன் மாதிரியே இருக்கும். நடுத்தர வயது தாண்டினவங்களுக்கு அதே இடத்துல திரும்பத் திரும்பக் கட்டி வந்தாலோ, அந்த இடத்துல இமை முடி கொட்டினாலோ, ரத்தம் கசிஞ்சாலோ சந்தேகப்படணும். அதனாலதான் பெரியம்மாவின் கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வர்ற வரைக்கும் வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்லை. புற்றுநோய் இல்லைன்னு வந்தது. ரெண்டாவது தடவையே போயிருந்தா அவ்வளவு நாள் தள்ளிப் போயிருக்காது.

எங்கே போறது? முதல்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். பிறகு இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை எல்லாம் நமக்குக் கிட்டேயே இருக்கு. உடனே கிளம்ப முடியாதவங்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி செயலியில டாக்டர்கிட்ட ஆலோசனை கேட்கலாம். ஆனா நான் சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தா நேரில்தான் போகணும்.

கடைசியா, கையில இருக்கிற போனுக்கு ஒரு வேலை. கட்டி வந்த அன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வைங்க. திரும்ப வந்தா இன்னொண்ணு. "அதே இடமா?"ன்னு டாக்டர் கேட்டா, யோசிக்க வேண்டாம், எடுத்துக் காட்டிடலாம்.