ஒன்றும் சொந்தமில்லாதவருக்கும் ஊர்

(அறக்கட்டளையின் விழாவை ஒட்டிக் கிருஷ்ணன்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழத் தகுந்த நகரம் எது என்னும் பொருளில் பேசுமாறு அறக்கட்டளையினர் என்னைப் பணித்தனர். நல்ல சாலை, குடிநீர், பள்ளி, மருத்துவமனை, கடைவீதி என்று அடுக்கிச் சொல்வது எளிது. அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் அவை யாருக்குக் கிடைக்கின்றன என்பதே முதன்மையான கேள்வி. ஒரு சாண் நிலமோ, ஓர் உறவோ இல்லாமல் ஓர் ஊருக்குள் வந்து நிற்பவருக்கு அவ்வூர் எதைத் தருகிறது? அதைக் கொண்டே அவ்வூரின் தரத்தை அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

சிலப்பதிகாரம் இதை நமக்கு முன்பே உணர்த்தியிருக்கிறது. புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் மதுரையில் எவரும் அறியாதவர்கள். வழித்துணையாய் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில், ஆயர் குலத்து மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரி தன் பொறுப்பில் இடமளித்துப் பேணினாள். மதிலுக்கு உள்ளேயோ செல்வம் கொழித்த தலைநகர். ஆனால் சிலம்பு விற்க வந்த அயலூரான் அங்கே ஆராய்ச்சியின்றிக் கொல்லப்பட்டான். அடைக்கலப் பொருளைக் காக்க இயலாத துயரில் மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். ஆயர் மனையில் கிடைத்த பரிவு அரசவையில் கிடைக்கவில்லை. அந்த ஒரு குறையினால் மாநகரே எரிந்தது என்கிறது காப்பியம்.

பழங்கதையை விட்டு நம் அண்டை ஊர்களுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பெருந்தேர் ஆடிப்பூரத்தன்று வலம் வருவதற்கு ரத வீதிகள் வேண்டும். தேர் ஓடுவது சில நாள்களே. ஏனைய நாள்களில் அந்த வீதி நடந்து செல்பவருக்கும் பூ விற்பவருக்கும் பயன்படுகிறது. வாசற்படியை ஒரு முழம் முன்னே நீட்ட நினைப்பவரிடம், ‘தேர் எப்படித் திரும்பும்?’ என்று ஊரே கேட்கலாம். பொது இடத்தைக் காப்பதற்கு அதனினும் வலிய கேள்வி வேறில்லை.

ராஜபாளையத்தைப் பாருங்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கு அளித்தார். ஒரு குடும்பத்தின் சொத்து ஊரின் சொத்தாயிற்று.

மேற்கே தெரியும் மலையையும் மறக்கலாகாது. 1988இல் அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் பட்டா இல்லை, வாக்குரிமையும் இல்லை. எனினும் அவற்றுக்கென நாம் விட்டுவைத்த காடுதான் மழைநீரைத் தேக்கி நம் ஓடைகளுக்கு அனுப்புகிறது. பிற உயிருக்கு விட்டுக்கொடுத்தது நமக்கே நீராகத் திரும்பி வருகிறது.

இனி, நாம் கூடியிருக்கும் கிருஷ்ணன்கோவில். நெடுஞ்சாலையோரச் சிற்றூராக இருந்த இங்கே 1984இல் பொறியியல் கல்லூரி ஒன்று எழுந்து, இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. வேற்று மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து பயில்கின்றனர். அவர்களுக்கு இங்கே நிலமும் இல்லை, உறவும் இல்லை. ஒருபுறம் வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. ஊர் நகரமாக மாறும் தறுவாய் இது. வீடுகள் எழுந்த பின்னர்த் தெருவை அகலப்படுத்த முடியாது. கண்மாயின் வரத்துக்காலை மூடிய பின்னர் வெள்ளம் நம்மிடம் வழி கேட்டு வராது, வீட்டுக்குள்ளேயே வரும்.

பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் வாயிலாக ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. அந்த நிலம் வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டமாகவே நின்றுவிடுமா, பிள்ளைகள் விளையாடும் மரநிழலாகுமா என்பது நம் விழிப்பைப் பொறுத்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மனை வாங்குவோர் தம் பத்திரத்தோடு பொது இடத்தின் தானப் பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள். நிலம் உடையோர் நீர்வழியை அடைக்காதீர்கள். வீடு உடையோர், வாடகைக்கு வருபவரின் சாதியையும் மொழியையும் வினவாமல் கதவைத் திறங்கள். மூன்றாவதே கடினம் என்பதை அறிவேன். மாதரி அதைச் செய்தாள்.

தேவைக்கு மேல் பற்றி வைத்துக்கொள்ளாமையை மகாவீரர் நோன்பாக வகுத்தார். இல்லறத்தார் அதை அளவோடு கடைப்பிடிக்கலாம். ஒவ்வொருவரும் தம் வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தால், வெளியே எல்லோருக்கும் ஒரு தெரு கிடைக்கும். கிருஷ்ணன்கோவில் அத்தகைய தெருக்களோடு வளர வேண்டும் என்று வேண்டி அமைகின்றேன்.