வலை ஏறும் கரைவரை வீதி



ஏ-3 வீதி பேலியகொடையில் தொடங்கி, நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளம் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அது தொடங்குகிற பேலியகொடையில்தான் நாட்டின் மத்திய மீன் சந்தையும் இருக்கிறது. நம்முடைய மீனுக்கு விலை பேசுவது அந்த வீதியின் தலைமாட்டில். நம் ஊரான உடப்போ அந்த வீதியின் மேலேயே இல்லை. அதை விட்டுத் திரும்பி, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் இந்த ஒடுங்கிய மண்ணுக்கு வரவேண்டும். அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வருகிற வீதியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இந்த ஊர் என்றைக்கும் ஓரத்தில் கிடந்த ஊரல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்த கால்வாய் நம் ஊர்ப் பக்கமாகத்தான் போனது. சரக்கு வள்ளங்களில் போயிற்று. பிறகு ரயில் வந்தது: 1916இல் சிலாபம், 1926இல் புத்தளம். தண்டவாளமும் பெருந்தெருவும் களப்புக்கு அப்பால் உள்பக்கமாகப் போயின. கால்வாயைக் கவனிப்பார் இல்லை. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, பாதைதான் விலகிப் போனது.

இதன் நட்டம் யாருக்கு? கரைவலையின் மடி கரையேறிய நிமிடத்திலிருந்து மீனின் விலை இறங்கத் தொடங்குகிறது. லொறி கரைக்குக் கிட்ட வந்தால் மூன்று வியாபாரிகள் விலை கேட்பார்கள். மணலில் லொறி புதையும் என்று அவர்கள் பயந்தால், வந்த ஒருவன் சொல்வதே விலை. விற்காதது கருவாடாகிறது. கருவாடு நம் பெண்களின் கைத்திறன், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பச்சையாக நல்ல விலை போகக்கூடிய மீனை, ஏற்றிப்போக வழியில்லாமல் உப்புப் போடுவதை எப்படித் தொழில் என்பது? அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுத்தவர்களின் கூலி அந்தக் கடைசிச் சில நூறு யார் தூரத்தில் கரைந்து போகிறது.

வீதிக்குக் காப்பெற் போட்டால் போதும் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. களப்புக் கரையில் வீதியை உயர்த்தி, போதிய மதகு வைக்காமல் விட்டால் அந்த வீதியே அணைக்கட்டு. ஒரு பக்கம் வெள்ளம் நிற்கும், மறுபக்கம் இறால் பண்ணைகளின் வரம்பு நீரை மறிக்கும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு தெதுரு ஓயா பெருகிச் சிலாபத்தை மூழ்கடித்ததை நாம் பார்த்தோம். சிலாபம் வைத்தியசாலையை நம்பியிருக்கும் கர்ப்பிணித் தாய்க்கு அப்படியொரு நாளில் எந்த வழி? தார் போடுமுன் தண்ணீருக்கு வழி விடுங்கள் என்று பொறியியலாளரிடம் நாம்தான் கேட்க வேண்டும். மழைநீர் எங்கே நிற்கும் என்பது வரைபடத்தைவிட நம் வயதானவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ்ஸையும் சொல்லிவிடுகிறேன். 1958 சனவரி 1ஆம் திகதி பஸ் சேவையை அரசு பொறுப்பேற்றது, இலாபம் வராத ஊருக்கும் பஸ் ஓடவேண்டும் என்பதற்காகவும்தான். மாலை வகுப்பு முடிந்து சிலாபத்தில் நிற்கும் பிள்ளைக்கு வீடு திரும்ப ஒரு பஸ் கேட்பது சலுகை கேட்பதாகாது.

யாரிடம் கேட்பது? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண சபைக்கு. மற்றவை பிரதேச சபைக்கு. இது தெரியாமல் எழுதிய மனு மேசைக்கு மேசை அலையும்.

ஆகவே இளைஞர்களே, ஊரின் ஒவ்வொரு வீதியையும் நடந்து பாருங்கள். எது யாருக்கு உரியது, எங்கே மதகு இல்லை, எந்த மீன்வாடிக்கு லொறி போகாது என்று எழுதுங்கள். பெரியவர்களும் தாய்மாரும் அதில் கையெழுத்திடுங்கள். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் எழுதப்படுமுன் அந்தப் பட்டியல் பிரதேச சபையின் மேசையில் இருக்க வேண்டும். வேலையை நாளைக்கே தொடங்குங்கள்.