கொல்லிமலைத் தம்பதி



அவிநாசிபாளையத்தில் நிட்டிங் மிஷின்களோடு மல்லுக்கட்டும் இன்ஜினியர் நான். "பத்தாவது திருமண நாளை எப்படிப்பா கொண்டாடினே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அன்று ஷிப்மென்ட். ராத்திரி பதினோரு மணிக்கு வீடு போய், இருவரும் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு, ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டோம். அவ்வளவுதான்!

அப்போது என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நம்மள்ல ஒருத்தரு இல்லாமப் போனா இந்த நாளை என்ன பண்றதுங்க?"

நமக்குப் பக்கத்துக் கொல்லிமலையிலேயே இதற்கு ஒரு பதில் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதி 1913-இல் மணமுடித்து அங்கே மிஷனரிகளாகக் குடியேறினார்கள். வைத்தியம், பள்ளிக்கூடம், தச்சுப் பயிற்சி எல்லாம் இருவர் கையால். 1929-இல் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி இறந்தார். பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில். அந்த அம்மா நினைத்திருந்தால் கப்பல் ஏறிப் போயே போயிருக்கலாம். ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஓய்வு வயது தாண்டியும் குதிரை ஏறி மலைக்கிராமங்களுக்குப் போனார். 1974-இல், 95 வயதில் இறக்கும்வரை, கணவரோடு சேர்ந்து தொடங்கிய வேலையை விடவில்லை. நாற்பத்தைந்து வருடம்!

மகன் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தியவர். (பெல்ட் மாற்றிப் பூட்டுவது மாதிரி, நம்ம சமாச்சாரம்தான்!) மனைவி மார்கரெட் அதே நோயாளிகளின் கண்களைக் காத்தார்.

இதைச் சொன்னதும் என் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த வருஷம் கேக்கெல்லாம் வேண்டாமுங்க, கொல்லிமலைக்குப் போலாம்" என்றாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். லீவு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.