முதலாளியின் கடிதமும் டாக்டர் பட்டமும்

(போடிநாயக்கனூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைத் தலைவர் அறிவித்ததும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். "விடியுமுன்னே ஜீப்பில் மெட்டு ஏறிப்போய், பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புகிற எங்களுக்கு டாக்டர் பட்டத்தின் சட்டதிட்டம் எதற்கு?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தாயாருக்குப் பதிலாகவே இந்தப் பேச்சு அமையட்டும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். இந்த ஊர்ப் பெண்தான். சமூகவியலில் எம்.ஏ. தேறியவள். தாயார் இருபது வருஷமாக போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். மகள் இங்கே ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறாள்.

"அய்யா, எங்கம்மாகூட ஜீப்புல போற பொம்பளைகளப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும். மேல அடிபட்டா யாரு பாக்குறது, முட்டி தேஞ்சு வேலைக்குப் போக முடியாட்டி அப்புறம் என்ன ஆகுறாங்க, இதையெல்லாம் முழுசா எழுதணும்யா. டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்குவாங்களா?" என்றாள்.

இதைவிடச் சிறந்த ஆராய்ச்சிக் கேள்வியை நான் சமீபத்தில் கேட்டதில்லை. ஏலச்செடி தன் காயைத் தலைக்கு மேலே தொங்கவிடுவதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் காய்க்கிறது. குனிந்தும் குத்துக்காலிட்டும் ஒவ்வொரு தூராக நகர வேண்டும். பழுத்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் வசவு. சில வாரம் கழித்து அதே தூருக்குத் திரும்பி வர வேண்டும். அந்த முட்டியின் கதை அவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்தின் பக்கமும் பாருங்கள். 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளியை மனதில் வைத்து வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று எழுதியது. இங்கிருந்து தினமும் ஏறி இறங்குகிற பெண்ணுக்குக் குடியிருப்பு ஒரு மாநிலத்தில், கூலி இன்னொரு மாநிலத்தில். ரேஷன் கார்டு தேனி மாவட்டத்தில், உழைப்பு இடுக்கி மாவட்டத்தில். சட்டம் எழுதியவர்கள் மறந்துபோன இந்த மனுஷியைப் பற்றி எழுத, கணக்குப் புத்தகமும் தெரிந்து, மூட்டு வலியும் தெரிந்த ஒரு பெண் முன்வருகிறாள். கதவு திறந்திருக்கிறதா?

பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளைப் பார்ப்போம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், ஊனமுற்றோர், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஐந்து சதவீதம் சலுகை உண்டு. குறைந்தது மூன்று வருஷம், கூடினால் ஆறு வருஷம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் தருகிறார்கள். ஆனால் மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. பிரசவத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் 240 நாள்வரை விடுப்பு உண்டு. முன்பு, 2016ம் வருஷத்து விதிப்படி, பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்றிருந்தது. அந்தக் கட்டாயம் இப்போது நீங்கிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற பத்திரிகைகளுக்கு அதனால் கொஞ்சம் நஷ்டம், வருத்தப்பட வேண்டாம். எம்.பில். பட்டமும் ஒழிந்தது.

உத்தியோகம் பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்யவும் விதி இடம் தருகிறது. இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அடுத்த ஷரத்தைப் படித்ததும் வாடிவிட்டது.

பகுதி நேரமாகச் சேருகிறவர், தாம் வேலை செய்யும் ஸ்தாபனத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொண்டுவர வேண்டும். அந்தக் கடிதம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். படிக்க அனுமதி உண்டு; ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும்படிதான் இவருடைய வேலை இருக்கிறது; தேவைப்பட்டால் பாடத்திட்ட வகுப்புகளுக்காக வேலையிலிருந்து விடுவிப்போம்.

ஒரு சர்க்கார் பள்ளி ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ இது தாமதமாகும் காகிதம், அவ்வளவுதான். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு? அவளுக்கு நியமன உத்தரவே கிடையாது. மாதச் சம்பளம் கையில் வருகிறது, கையெழுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில். "உங்கள் தொழிலில் உழைக்கிறவர்களின் நிலைமையை ஆராயப் போகிறேன், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் முதலாளி என்ன செய்வார்? அவள் கேட்டுப் பார்த்தாள். "படிக்கணும்னா வேலையை விட்டுட்டுப் போய்ப் படி" என்று பதில் வந்தது. அந்தக் கடையை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. யாரை ஆராய வேண்டுமோ அவரிடமே அனுமதி வாங்கி வா என்று விதி எழுதியிருக்கும்போது வேறு பதில் எங்கிருந்து வரும்?

வேலையை விட்டுவிட்டு முழு நேரம் படிக்கலாமே என்பீர்கள். நெட் தேர்வில் உயரிடம் பெற்று இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023லிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். அது கிடைப்பவர் சிலரே. மற்றவர்களுக்கு, அம்மாவின் கூலிதான் உதவித்தொகை.

அயல்நாடுகளில் இதற்கென்றே வேறொரு பட்டம் இருக்கிறது. தொழில்முறை டாக்டர் பட்டம் என்பார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகம் 1920களின் தொடக்கத்திலேயே ஆசிரியர்களுக்கென்று கல்வியியல் டாக்டர் பட்டத்தை ஏற்படுத்தியது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக் கழகம் 1992ல் தொடங்கி வைத்தது. சமூகப் பணி, நிர்வாகம் என்று பிறகு பரவியது. அங்கே பெரும்பாலும் சில வருஷ வேலை அனுபவம் இருந்தால்தான் சேர்க்கிறார்கள். முதலில் பாடங்கள், பிறகு சொந்தப் பணியிடத்திலிருந்தே எடுத்த கேள்வி, வழக்கமான ஆராய்ச்சி ஏட்டைவிடச் சுருக்கமான ஏடு.

நம்மிடம் அனுபவத்துக்கு என்ன மதிப்பு? 2024ல் மானியக் குழு வெளியிட்ட ஏற்பாட்டின்படி நெட் மதிப்பெண்ணைக் கொண்டு சேர்த்தால், தேர்வுக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. இருபது வருஷம் மெட்டு ஏறிய குடும்பத்தின் அறிவுக்குத் தனியே ஒரு பங்கும் இல்லை. அதற்காக அயல்நாட்டு ஏற்பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். கம்பெனி பணம் கட்டி, கம்பெனி மேனேஜரே கம்பெனியை ஆராய்ந்தால் அதில் தொழிலாளியின் குரல் எவ்வளவு ஒலிக்கும் என்பது எனக்குச் சந்தேகமே.

இன்னொரு எச்சரிக்கை. இந்த ஆசையை வைத்து வியாபாரம் நடக்கிறது. வெளிநாட்டு ஸ்தாபனத்தின் பெயரில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக டாக்டர் பட்டம் என்று விளம்பரம் வருகிறது. அவை செல்லாது என்று மானியக் குழு 2022 அக்டோபரிலேயே எச்சரித்தது. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக் கழக மண்டபத்திலேயே ஒரு தனியார் அமைப்பு போலி கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கிவிட்டுப் போனது! பணத்தைக் கட்டுமுன் நாலு பேரைக் கேளுங்கள்.

பட்டமில்லாதவர் ஆராய்ச்சி செய்ய முடியாது என்றும் எண்ண வேண்டாம். மலையில் இன்று பரவியிருக்கும் ஞள்ளானி ஏலச்செடியைத் தேர்ந்து பெருக்கியவர் இடுக்கியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. ஆனைமலைத் தேயிலைத் தொழிலாளரின் துயரத்தை 1969ல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதிய பி. எச். டேனியல் தோட்டத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர். பட்டமும் வேண்டாததல்ல. கொழும்பில் தினகரன் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த கைலாசபதி, பின்னர் பர்மிங்ஹாம் சென்று மார்க்சிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று 1966ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டம் கையிலிருந்ததால் பல்கலைக் கழகத்துக்குள்ளிருந்தே அவர் குரல் கேட்டது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. முதலாளியின் கடிதத்துக்குப் பதிலாக, நேரம் ஒதுக்குவேன் என்று ஆராய்ச்சியாளரே கையெழுத்திடும் உறுதிமொழியை ஏற்க வேண்டும். அனுபவத்துக்குச் சேர்க்கையில் மதிப்பெண் தர வேண்டும். பாடத்திட்ட வகுப்புகளை வார இறுதியில் வைக்க வேண்டும். 1928ல் போட்ட மதுரை ரயில் பாதையை 2010 கடைசியில் மூடிவிட்டு, அகலப் பாதையாக்கித் திரும்ப ரயில் விட 2023 ஜூன் ஆயிற்று. அத்தனை வருஷம் மதுரைக்குப் படிக்கப் போனவர்கள் பஸ்ஸில் நின்றார்கள். விதியைத் திருத்தவும் அவ்வளவு காலம் எடுத்துக் கொள்ளாதீர்கள் என்று சொல்லி வையுங்கள்.

அந்தப் பெண் நெட் தேர்வுக்கு எழுதப் போகிறாள். டிசம்பருக்கும் ஜூனுக்கும் இடையில் நாள் அதிகமில்லை. ஆராய்ச்சி முறை என்ற பாடம் அவளுக்குத் தகராறாக இருக்கிறது. இங்கே வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். முன்வரிசைத் தாயாரே, நீங்களும் இருந்துவிட்டுப் போங்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள், கூலியில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். உங்கள் ஜீப் கணக்கு இன்னும் அவளிடம் வரவில்லை.