காலைப் பிடித்தல் இழிவோ?

(திருப்பூரில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்தும் விவாகச் செலவைக் குறித்தும் பேசும் இம்மேடையில் யாம் பாதத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். ஆயினும் இச்சபையில் பனியன் தொழிலை நம்பி வாழாத குடும்பம் அரிது. அது கைத்தொழில் எனப்படினும், அதனைத் தாங்கி நிற்பன கால்களே. கட்டிங் மாஸ்டரும், அயர்ன் செய்பவரும், செக்கிங் மேசையருகே நிற்கும் நம் பெண்மக்களும் காலை எட்டரை மணிக்கு நின்றால், ஒன்றரை ஷிப்டு முடியும் இரவு எட்டரை மணிக்கே வீட்டை நினைக்கின்றனர்.

காலில் இறங்கிய இரத்தம் இருதயத்திற்குத் திரும்ப ஏறுவதற்குக் கெண்டைக்காற் சதையின் அசைவு பெருந்துணை. நடக்குந்தோறும் அச்சதை சுருங்கி, இரத்தக் குழாயைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாது நின்றாலும், காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்திருந்தாலும் இரத்தம் கீழே தேங்கும், பாதம் வீங்கும், நாளடைவில் நரம்பு சுருட்டலும் தோன்றக்கூடும்.

நம் பெரியோர் இத்தகைய களைப்புக்குக் கண்ட உபாயம் எளிது. சித்த வைத்தியத்தார் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாக ஒன்பது வகை வகுத்தனர். காங்கயத்துத் தேங்காயெண்ணெய் சிறிது தடவி, விரலிலிருந்து குதிகாலுக்கும், அங்கிருந்து முழங்காலை நோக்கியும் பத்து நிமிஷம் பிடித்துவிட்டால், இறுகிய சதை தளர்கிறது. வலி அப்பொழுதுக்குத் தணிகிறது. உறக்கம் எளிதில் வருகிறது. பயன் இவ்வளவே. உள்ளங்காலில் இன்ன புள்ளியை அழுத்தினால் ஈரல் நோய் தீரும் என்று படம் காட்டிப் பணம் பறிப்போரின் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. பாதத்தைப் பிடிக்கும் கை, பாதத்தைப் பார்க்கவும் செய்கிறது. இதனை யாம் தாமதமாகவே கற்றோம். எம் தந்தையார் சர்க்கரை நோயாளி. கால் மரத்திருக்கிறது, சற்றுப் பிடித்துவிடு என்று அவர் கேட்ட இரவுகளில், நேரமில்லை என்று யாம் சொல்லிவந்தோம். தேய்ந்த செருப்பைத் துளைத்து உடைந்த தையலூசியின் துண்டொன்று அவர் பாதத்தில் ஏறியிருந்தது. அவருக்கு நோவு தெரியவில்லை. துர்நாற்றம் வந்த பிறகே எமக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களை இழந்தார். ஒருநாள் அக்காலை எம் மடிமீது வைத்திருப்போமாயின் அன்றே கண்டிருப்போம்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் என்பார், குஷ்டரோகிகளின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றமையால் அறியப்படாத காயமும் அழுத்தமுமே அவற்றை அழிக்கின்றன என்று காட்டினார். நோவே உடலின் காவற்காரன் என்பது இதனாற் பெறப்படும். சர்க்கரை நோயும் அக்காவலனை உறங்கச் செய்கிறது. இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. உறங்கும் காவலனுக்குப் பதிலாக விழித்திருக்க வேண்டியவர் வீட்டாரே.

சில எச்சரிக்கைகள் அவசியம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, சூடாக இருப்பின் அதனைப் பிடிக்கலாகாது. குழாயில் உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். உடனே வைத்தியரிடம் செல்க. புண்ணின்மீது தேய்க்க வேண்டாம். சர்க்கரை நோயாளியின் காலை வெந்நீரில் ஊறவைக்க வேண்டாம். ஆணியை பிளேடால் அறுக்க வேண்டாம். விரலிடுக்கில் எண்ணெய் தங்கவிடாமல் துடைத்துவிடுக.

இனி, யார் காலை யார் பிடிப்பது? காலைப் பிடித்தான் என்றாலே கெஞ்சினான் என்று பொருள் கொள்கிறோம். அதனால் அவ்வேலையை மருமகள் தலையில் கட்டிவிட்டோம். பன்னிரண்டு மணி நேரம் கம்பெனியில் நின்று வந்த அப்பெண், அடுப்படியில் மீண்டும் நின்று, பின்னர் மாமனார் மாமியார் காலையும் பிடிக்கிறாள். அவள் காலை ஏறிட்டுப் பார்த்தவர் உண்டோ? கணவன் மனைவியின் காலைத் தொட்டால் மானம் போய்விடும் என்போர், அவள் கொண்டுவரும் கூலியைத் தொடும்போது மட்டும் மானத்தை எங்கே வைக்கின்றனர்?

முதலாளிகளாயுள்ள அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். நின்று வேலை செய்வோர் இடையிடையே அமர்வதற்கு ஆசனம் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. செக்கிங் மேசையருகே ஒரு முக்காலி போடுவதால் நஷ்டம் வந்துவிடாது.

சகோதரர்களே! சனிக்கிழமைச் சம்பளத்தைக் கைநீட்டி வாங்கும் வீடு, அதனைச் சம்பாதித்த காலையும் அன்றிரவு கையில் எடுத்துப் பார்க்கட்டும். இதுவே எமது விண்ணப்பம்.