நாற்காலி யார் பக்கம்?



வீட்டில் கணவன் மனைவிக்குள் சண்டை. திடீரென்று ஒருவர் பிள்ளையைக் கூப்பிடுவார். "நீயே சொல்லுடா, யார் மேல தப்பு?" பாவம், அவன் திருதிருவென்று முழிப்பான்.

இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். மர்ரே போவென் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு முக்கோணம் என்று பெயர் வைத்தார்.

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லப் பயிற்சி எடுப்பவருக்கும் இதே ஆபத்துதான். பயிற்சியின்போது சில இடங்களில் ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி இருக்கும். அதன் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்து கவனிப்பார். வந்தவர்களின் சம்மதத்தோடுதான்.

உதாரணமாக, ஒரு கணவர் சொல்கிறார்: "இவ எங்கம்மாகிட்ட முகம் கொடுத்தே பேசறதில்லைங்க." பயிற்சி எடுப்பவருக்குத் தன் அம்மா ஞாபகம் வந்துவிடுகிறது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மௌனமாகிவிடுகிறார்.

வெளியே வந்ததும் ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்பார். "உன் நாற்காலி யார் பக்கம் திரும்பியிருந்தது?"

அதனால்தான் போவென், பிறர் குடும்பத்தைப் பார்க்கும் முன் உன் குடும்பத்தைப் புரிந்துகொள் என்று வலியுறுத்தினார். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தால் தயார் என்று அர்த்தமில்லை. நாம் ஒரு பக்கம் சாய்கிறோம் என்பது அந்த நிமிடமே நமக்குத் தெரிய வேண்டும். அதுதான் தயார்.

நண்பர் வீட்டுச் சண்டைக்கு நாட்டாமை செய்யப் போகிறீர்களா? முதலில் உங்கள் நாற்காலியைப் பாருங்கள்!